முதல் ஆட்டம் விட்டு வருகிறவர்கள்

முதல் ஆட்டம் ராத்திரி ஒன்பதரை மணிக்கு விடும். பத்து மணி ஆட்டத்துக்கு அதற்குள் வெளியே வரிசை கட்டியிருக்கும். ஒரே திரையும் ஒரே காம்பவுண்டு கேட்டும் இருந்த பழைய தியேட்டர்களில் இந்த இரண்டு கூட்டமும் முகத்தோடு முகம் பார்க்காமல் கடந்து போக வழியில்லை. உள்ளேயிருந்து வருகிறவர்கள் வெளிச்சம் பட்டுக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வருவார்கள். வரிசையில் நிற்கிறவர்கள் அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாராவது ஒருவர் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிடுவார்: "படம் எப்படிண்ணே?"

எழுபது வயதைத் தாண்டி உட்கார்ந்து யோசிக்கிறபோது, அந்தக் கேள்விக்கு ஒருவர் சொல்லும் பதிலிலேயே அவர் குணம் தெரிந்துவிடும் என்று தோன்றுகிறது. கேட்கிறவர் முன்பின் தெரியாதவர். பதில் சொல்லிவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விடுவோம். அந்தப் பதிலை மனசில் வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் இருட்டில் உட்காரப்போவது அவர். அதிலும் ஓடுவது மர்மப் படம் என்றால், ஒரே ஒரு பெயரைச் சொல்லி அவருடைய ராத்திரியை நாம் கெடுத்துவிடலாம்.

இதை எனக்குப் புரியவைத்தவர் என் தாய்மாமா. மதுரையில் ஒரு பஞ்சாலையில் ஷிப்ட் வேலை. பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவரில்லை. சினிமா என்றால் உயிர். வாங்குகிற சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக மிச்சமிருப்பது தியேட்டர் கவுண்டருக்குத்தான் போகும். அதற்காக என் அம்மாவிடம் அவர் வாங்காத திட்டு இல்லை.

அது 1960களின் கடைசி. எங்கள் ஊருக்கு மதுரையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். இன்றைக்குப் போல ஒரு படம் ஒரே நாளில் ஊரெல்லாம் வெளியாகாது. பிரிண்டுகள் சொற்பம். முதலில் சென்னை, மதுரை, கோவை, திருச்சி போன்ற நகரங்கள். அங்கே ஓடித் தேய்ந்த பிறகு அடுத்தகட்ட ஊர்கள். அதற்கும் பிறகு டூரிங் கொட்டகைகள். வினியோகஸ்தர்கள் பேச்சில் ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர். ரீல் பெட்டி எங்கள் ஊருக்கு வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். கதை மட்டும் அதற்கு முன்பே பஸ் ஏறி வந்துவிடும். மதுரைக்குத் துணி எடுக்கப் போனவர், ஆஸ்பத்திரிக்குப் போனவர், கோர்ட்டுக்குப் போனவர் என்று யாராவது படத்தைப் பார்த்துவிட்டு வந்து டீக்கடையில் பிரித்து வைத்துவிடுவார்கள். சண்டைப் படத்துக்கும் பாட்டுப் படத்துக்கும் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. மர்மப் படத்துக்கு இது பொல்லாத காலம்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு படம் வந்தது. பெயர் வேண்டாம், எடுத்தவர்கள் பாடுபட்டுத்தான் எடுத்திருப்பார்கள். மலைமேல் ஒரு பங்களா, அதில் ஒரு கொலை, ஆறேழு பேர்மேல் சந்தேகம். சுவரெல்லாம் போஸ்டர். தந்திக்கம்பத்தின் உயரத்துக்கு ஒரு கறுப்பு உருவம், முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கேள்விக்குறி. பாட்டுப் புத்தகம் ஒன்று எங்கள் கைக்கு வந்திருந்தது. அந்தக் காலத்துப் பாட்டுப் புத்தகங்களில் பாடல்களுக்கு முன்னால் கதைச் சுருக்கம் இருக்கும். பாதிக் கதையைச் சொல்லி நம்மை ஒரு திருப்பத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று முடித்துவிடுவார்கள். அந்த மலிவுத் தாளை நானும் என் பெரியம்மா மகனும் மடிப்பு கிழிகிற வரைக்கும் படித்தோம். அவன் என்னைவிட இரண்டு வயது பெரியவன். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்.

மாமா நினைத்திருந்தால் மதுரையிலேயே முதல் வாரம் பார்த்திருக்கலாம். எங்களோடு பார்ப்பதாகச் சொல்லிவிட்டார், அதனால் பார்க்கவில்லை. மில்லில் யாராவது அந்தப் படத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் டீ டம்ளரோடு எழுந்து போய்விடுவாராம். ஊருக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமைகளில் திண்ணையில் உட்கார்ந்து விசாரணை நடக்கும். கொலை செய்தது டாக்டர்தான் என்பான் அண்ணன். நொண்டி நொண்டி நடக்கிற தோட்டக்காரன்மேல் எனக்குச் சந்தேகம். கதையே தெரியாத பாட்டி, வெற்றிலை மடித்துக்கொண்டே, "கூடவே இருந்து சோறு தின்னவன்தான்டா செஞ்சிருப்பான்" என்று தீர்ப்புச் சொல்வாள். மாமா எல்லார் ஊகத்தையும் ஒரு தாளில் எழுதி மடித்துத் தகரப் பெட்டியில் போட்டு வைத்தார். ஜெயித்தவருக்கு அரை கிலோ அல்வா என்று பந்தயம்.

பொங்கல் முடிந்து படம் எங்கள் ஊருக்கு வந்தது. முதல் ஆட்டம் போனோம். முதல் பாதி நாங்கள் நினைத்ததையெல்லாம் மிஞ்சி இருந்தது. பனி மூடிய மலைப்பாதை, யாரும் எடுக்காமல் அடித்துக்கொண்டே இருக்கும் டெலிபோன், மாடிப்படியில் செருப்புச் சத்தம். தரை டிக்கெட்டில் விசில் அடிக்கிறவர்கள்கூட அன்றைக்கு வாய் திறக்கவில்லை. இடைவேளையில் முறுக்கும் கலரும் கையில் இருக்க, எங்கள் பெஞ்சில் முன்பின் தெரியாதவர்களெல்லாம் சேர்ந்து கொலையாளி யாரென்று வாதாடினார்கள். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

இடைவேளைக்குப் பிறகு கதை வேறு பக்கம் போய்விட்டது. நகைச்சுவைக்கென்று ஒரு கிளைக்கதை நீண்டது. அடுத்தடுத்து பாட்டு வந்தது. கடைசியில் போலீஸ் அதிகாரி எல்லாரையும் கூடத்தில் நிற்கவைத்து வெகுநேரம் விளக்கம் சொன்னார். டாக்டரும் இல்லை, தோட்டக்காரனும் இல்லை, கூட இருந்து சோறு தின்றவனும் இல்லை. அதுவரைக்கும் படத்தில் எட்டியே பார்க்காத ஒருவர் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து வந்து கையை நீட்டி விலங்கு வாங்கிக்கொண்டார். படம் முடிந்தது. மாதக்கணக்காக நாங்கள் திண்ணையில் நடத்திய விசாரணைக்கு அங்கே மதிப்பே இல்லாமல் போயிற்று.

ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அன்றைக்குச் சொல்லத் தெரியவில்லை. பிற்பாடு புத்தகங்கள் வழியாகத்தான் பிடிபட்டது. இங்கிலாந்தில் ரொனால்டு நாக்ஸ் என்று ஒரு பாதிரியார்; துப்பறியும் கதைகளும் எழுதியவர். 1929-இல் துப்பறியும் கதைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். அதில் முதல் கட்டளையே குற்றவாளி கதையின் ஆரம்பப் பகுதியிலேயே வந்துவிடவேண்டும் என்பதுதான். படிக்கிறவன் முன்னாலும் துப்பறிகிறவன் முன்னாலும் ஒரே தடயங்களைத்தான் வைக்கவேண்டும். மர்மக் கதை என்பது சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் நடுவில் ஓர் ஒப்பந்தம். அதை நம்பித்தான் நாம் டிக்கெட் எடுக்கிறோம். எங்கள் படம் அந்த நம்பிக்கையைத்தான் கெடுத்தது.

வெளியே வந்தோம். வழக்கம்போல வரிசை நின்றிருந்தது. அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. "கேட்டுக்கிட்ட நின்னு கொலைகாரன் பேரைக் கத்தப்போறேன். நாம பட்டது இவங்களாவது படாம இருக்கட்டும்" என்றான். அவன் மனசில் வஞ்சம் ஒன்றும் இல்லை. ஊருக்கு உபகாரம் செய்வதாகத்தான் நினைத்தான்.

வரிசையின் முன்பக்கத்தில் ஒரு குடும்பம். பக்கத்துக் கிராமத்திலிருந்து கடைசி பஸ்ஸில் வந்திருக்கவேண்டும். தோளில் துண்டு போட்ட அப்பா, இடுப்பில் தூங்கும் குழந்தையோடு அம்மா, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு இரண்டு பையன்கள். பெஞ்சுக்கு ஆண், பெண் தனித்தனி என்பதால் நாற்காலி டிக்கெட் எடுத்திருந்தார்கள். அவர்களுக்கு அது பெரிய செலவு. அந்த அப்பா எங்கள் மாமாவைப் பார்த்துக் கேட்டார்: "படம் எப்படிண்ணே?"

மாமா அண்ணனின் தோளில் கையை வைத்து அழுத்திக்கொண்டே சொன்னார்: "மலையெல்லாம் ரொம்ப நல்லா எடுத்திருக்காங்க. அந்த டெலிபோன் மணி அடிக்கிற இடம் இருக்கே, பிள்ளைகளைக் கொஞ்சம் பக்கத்துல வச்சுக்கங்க. நாற்காலியில இடதுபக்கம் ஃபேன் ஓடலை. வலதுபக்கமாப் போய் உட்காருங்க."

அவ்வளவுதான். பையன்கள் இரண்டு பேரும் அப்போதே அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது அண்ணன் விடவில்லை. "ஏன் மாமா பொய் சொன்னீங்க?"

"எதுடா மாப்ள பொய்? மலை நல்லா இல்லையா? ஃபேன் ஓடுச்சா?"

"படம் நல்லா இல்லேன்னு சொல்லலையே."

மாமா கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். பிறகு சொன்னார்: "அவங்க டிக்கெட் எடுத்தாச்சு. திரும்பிப் போகப் பஸ்ஸும் கிடையாது. விடிய விடிய இங்கதான் இருக்கணும். நான் நல்லா இல்லேன்னு சொன்னா அவங்களுக்கு என்ன மிச்சமாகும்? அந்த மனுசன் பிள்ளைகளுக்கு நடுவுல உக்காந்து, எங்கடா கெடப்போகுதுன்னு பார்த்துக்கிட்டே இருப்பான். நமக்குக் கிடைச்ச முதல் பாதிகூட அவனுக்குக் கிடைக்காமப் போயிரும்."

அதன் பிறகு அவர் தன் கதை ஒன்றைச் சொன்னார். 1954-இல் 'அந்த நாள்' வந்தது. ஏவி.எம். தயாரிப்பு. 'பராசக்தி' வந்து இரண்டு வருஷம். சிவாஜி கணேசன் என்ற பெயருக்கே கூட்டம் வந்த காலம். இயக்கியவர் எஸ். பாலசந்தர், வீணை வித்வான். சங்கீதமே உயிர்மூச்சாக இருந்தவர் ஒரு பாட்டுகூட இல்லாமல் படம் எடுத்தார். ஒரு படத்துக்குப் பத்து, பதினைந்து பாட்டு சாதாரணமாக இருந்த காலத்தில் அது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பதை இன்றைய பிள்ளைகளுக்குப் புரியவைப்பது கஷ்டம். ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபரில் நடக்கிற கதை. படம் ஆரம்பித்ததுமே கதாநாயகனைச் சுட்டுவிடுகிறார்கள். ஜாவர் சீதாராமன் துப்பறிய வருகிறார். சந்தேகத்துக்கு ஆளானவர்கள் ஒவ்வொருவரும் நடந்ததைத் தங்கள் கோணத்தில் சொல்லச் சொல்ல, செத்தவனைப் பற்றி நமக்குத் தெரிந்தது மாறிக்கொண்டே போகும்.

மாமா அப்போது இளவட்டம். மதுரையில் ஒரு தியேட்டர் வாசலில் டிக்கெட்டுக்கு நின்றிருக்கிறார். ஆட்டம் விட்டு வந்த ஒருவர், "பாட்டே இல்லப்பா. எல்லாம் பேச்சு. சிவாஜி ஆரம்பத்துலேயே செத்துப்போறான்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். வரிசையில் பாதிப் பேர் கலைந்தார்கள். மாமாவும் கலைந்து இன்னொரு தியேட்டருக்குப் போய்விட்டார். வெளியான காலத்தில் அந்தப் படம் வசூலில் சோபிக்கவில்லை என்பது சினிமா வரலாற்றில் எல்லாரும் அறிந்தது. தேசிய விருதில் நற்சான்று பெற்றதும், தமிழின் மிகச் சிறந்த படங்களில் ஒன்றாகப் பேசப்படுவதும் அதே படம்தான். மாமா அதைப் பார்த்தது பல வருஷம் கழித்து, பழைய படம் போடும் ஒரு காலைக்காட்சியில். கூட்டமே இல்லாத கொட்டகையில் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

"அந்த ஆள் ஒண்ணும் பொய் சொல்லலைடா மாப்ள. பாட்டு இல்லைதான். ஆரம்பத்துலயே சாகிறதும் உண்மைதான். ஆனா அவனுக்குப் பிடிக்கலைங்கறதைப் படமே நல்லா இல்லேன்னு நான் எடுத்துக்கிட்டேன். அத்தனை வருசம் அது எனக்கு இல்லாமப் போச்சு" என்றார். அன்றைக்கு அவர் குரலில் இருந்த வருத்தம் ஒரு சினிமாவுக்காக மட்டும் அல்ல என்று இப்போது தோன்றுகிறது. அவர் வாழ்க்கையில் அப்படி வரிசை கலைந்து போன வேறு விஷயங்களும் இருந்தன.

ஒரு கதையின் முடிவைத் தெரிந்துகொண்டால் கதையே போய்விடுமா? எல்லாக் கதைக்கும் அப்படி இல்லை. 1964-இல் வந்த 'புதிய பறவை'யின் முடிவு எனக்கு மனப்பாடம். ஆங்கிலப் படம் ஒன்று வங்காளத்துக்குப் போய், அங்கிருந்து தமிழுக்கு வந்த கதை அது. இருந்தாலும் தொலைக்காட்சியில் வந்தால் இன்றும் உட்கார்ந்துவிடுவேன். சிவாஜியின் முகத்தில் ஒவ்வொரு அடுக்காக என்ன நடக்கிறது என்பது, முடிவு தெரிந்த பிறகுதான் முழுதாகத் தெரிகிறது. ஆனால் முதல் தடவை தெரியாமல் பார்த்த அந்த ஒரு ராத்திரியும் எனக்கு வேண்டியிருந்தது. இரண்டும் வேறு வேறு சந்தோஷம். இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களில் இன்னும் பார்க்காத ஒரு பிள்ளை இருக்கலாம். ஆகையால் அறுபது வருஷம் ஆன படமானாலும் முடிவை இங்கே எழுதமாட்டேன்.

ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுக்குக் கொடுத்த நீண்ட பேட்டியில் ஒரு விஷயத்தை அழகாக விளக்கியிருக்கிறார். மேஜைக்கடியில் வெடிகுண்டு இருக்கிறது. பார்ப்பவர்களுக்கு அது தெரியாது. திடீரென்று வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பதை முன்னாலேயே காட்டிவிட்டு, மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் அது தெரியாமல் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தால், பதினைந்து நிமிஷம் நமக்கு நெஞ்சு படபடக்கும். ரகசியத்தை ஒளித்துவைப்பது மட்டுமே திகில் படம் ஆகாது. பார்க்கிறவனைக் காத்திருக்க வைப்பதில்தான் அதன் உயிர் இருக்கிறது. எங்கள் மலை பங்களா படம் ஒளித்துவைப்பதை மட்டுமே நம்பி இருந்தது. ஒளித்தது வெளியே வந்ததும் அதனிடம் வேறு ஒன்றும் இல்லை.

அதே ஹிட்ச்காக் 1960-இல் 'சைக்கோ' வந்தபோது, படம் ஆரம்பித்த பிறகு யாரையும் உள்ளே விடக்கூடாது என்று தியேட்டர்காரர்களிடம் கறாராகச் சொல்லிவிட்டார். பார்த்தவர்கள் முடிவை வெளியில் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். லண்டனில் அகதா கிறிஸ்டியின் 'தி மவுஸ்ட்ராப்' நாடகம் 1952 முதல் நடந்துவருகிறது. கொரோனா காலத்தில் நிறுத்தியதைத் தவிர ஓய்வே இல்லை. ஒவ்வொரு காட்சி முடிவிலும், கொலையாளி யாரென்று வெளியே சொல்லவேண்டாம் என்று மேடையிலிருந்து கேட்டுக்கொள்வார்கள். எந்தச் சட்டமும் அதற்குப் பின்னால் இல்லை. எழுபது வருஷத்துக்கு மேலாக, பார்த்துவிட்டு வந்தவர்கள் பார்க்கப் போகிறவர்களுக்காக வாயை அடக்கிக்கொள்கிறார்கள். முகம் தெரியாதவர்களுக்கு மனிதர்கள் செய்யும் உதவிகளில் இதுவும் ஒன்று என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

போன வருஷம் என் பேத்தி, ரொம்ப நாளாக எதிர்பார்த்திருந்த ஒரு த்ரில்லருக்கு முதல் நாளே போய்விட்டு, முகம் வாடித் திரும்பி வந்தாள். டிரெய்லரை அத்தனை தடவை பார்த்திருந்தாள். போதாக்குறைக்கு, காலைக்காட்சி பார்த்த ஒரு தோழி போனில் முடிவை அனுப்பிவிட்டாள். பேத்திக்குப் படத்தைவிடத் தோழிமேல்தான் வருத்தம். மாமாவின் கதையை அவளுக்குச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்போ படம் சரியில்லேன்னா சொல்லவே கூடாதா தாத்தா? காசு போட்டுப் போறாங்கல்ல?" என்றாள்.

நல்ல கேள்வி. சொல்லத்தான் வேண்டும். போகலாமா வேண்டாமா என்று இன்னும் யோசிக்கிறவர் கேட்டால், எனக்கு எது பிடிக்கவில்லை, ஏன் பிடிக்கவில்லை என்று சொல்வது நேர்மை. அதைக் கேட்டு அவர் தன் ருசிக்குத் தக்கபடி முடிவு செய்துகொள்வார். பாட்டு இல்லாதது எனக்குக் குறை. இன்னொருவருக்கு அதுவே நிம்மதியாக இருக்கலாம். காரணத்தோடு சொன்னால் கேட்கிறவருக்கு வழி திறந்திருக்கும். 'தண்டம், போகாதே' என்று மட்டும் சொன்னால் வழி அடைபட்டுவிடும். டிக்கெட் எடுத்து வாசலில் நிற்கிறவர் விஷயம் வேறு. அவருக்கு வேண்டியது நம் தீர்ப்பு அல்ல. எந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிறது என்பதுதான்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் சினிமா மட்டும் இல்லை. வயதாவது என்பது முதல் ஆட்டம் பார்த்துவிட்டு வெளியே வருவது போலத்தான். படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளை வளர்ப்பு, ஓய்வு எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு நாம் வருகிறோம். அடுத்த ஆட்டத்துக்கு நிற்கிற பிள்ளைகள் நம் முகத்தையே பார்க்கிறார்கள். எப்படி இருந்தது என்று கேட்கவும் செய்கிறார்கள். அந்த நேரத்தில் நம்மில் பல பேர் அண்ணனைப் போல ஆகிவிடுகிறோம். நாம் பட்டதை அவர்கள் படக்கூடாது என்ற நல்லெண்ணத்தில், கடைசிக் காட்சியைக் கத்திச் சொல்லிவிடுகிறோம்.

எங்கள் தெருவில் ஒரு பையனுக்கு அரசுப் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. முதல் பணியிடம் ஒரு மலைக்கிராமம். ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக டீக்கடைக்கு வந்தான். அங்கே உட்கார்ந்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், "அந்த ஊரா? நான் இருந்திருக்கேன். ரெண்டே மாசத்துல மாறுதல் கேட்டு அலைவே பாரு" என்றார். பையன் முகம் சுருங்கிப்போயிற்று. அவர் சொன்னது அவர் அனுபவம்; அதில் பொய் ஏதுமில்லை. ஆனால் அந்தப் பையன் இன்னும் அந்த மலையில் காலே வைக்கவில்லை. அவனுடைய பிள்ளைகள் வேறு, அவனுடைய வருஷம் வேறு. மழைக்காலத்தில் கடைசி பஸ் எத்தனை மணிக்கு, கம்பளி வேண்டுமா, வாடகைக்கு வீடு யாரைக் கேட்கவேண்டும் என்று அவர் சொல்லியிருந்தால் அந்த அனுபவம் அப்படியே அவனுக்குச் சொத்தாகியிருக்கும்.

நானும் என் மனைவியும் அன்றிரவு இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு எப்படியோ பழைய படங்கள் பக்கம் திரும்பியது. மலை பங்களா படத்தைப் பற்றி, நாங்கள் மாதக்கணக்காகக் காத்திருந்து ஏமாந்ததைப் பற்றிச் சொன்னேன். அவள் ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் எங்களுக்குள் அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்ததே இல்லை. அவள் அதைத் திண்டுக்கல் பக்கம் தன் ஊரில், அக்காவோடும் அத்தையோடும் பார்த்தாளாம். "அந்த டெலிபோன் மணி அடிச்சதும் அக்கா என் மடியில மூஞ்சியப் பொதச்சுக்கிட்டா. வீட்டுக்கு வந்து மூணு பேரும் ஒரே பாய்ல படுத்தோம். அப்புறம் ஒரு வாரம் இருட்டுல தனியா பின்பக்கம் போகமாட்டோம். எவ்வளவு நல்ல படம் அது!" என்றாள். கொலையாளி யாரென்றே அவளுக்கு நினைவில்லை. நான் சொல்லப்போனேன், வேண்டாம் என்றாள்.

அந்த அக்கா காலமாகிப் பல வருஷமாகிறது. நான் காலமெல்லாம் ஏமாற்றம் என்று பேர் எழுதி வைத்திருந்த ஒன்று, என் பக்கத்திலேயே இருக்கிறவளுக்கு அக்காவின் நினைவாக இருந்திருக்கிறது. எனக்கு மூன்று மணி நேரத்தில் முடிந்துபோன விஷயத்தில் அவளுக்கு இன்னும் மிச்சமிருக்கிறது.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளைகள் ஏதாவது ஒன்றுக்குக் கிளம்பும்போது கேட்டால், வழிக்கு உதவுகிற நாலு வார்த்தை சொல்கிறேன். எனக்கு அது எப்படி முடிந்தது என்பதை அவர்கள் கேட்டால் மட்டும், எனக்கு அப்படி நடந்தது என்ற அளவில் சொல்கிறேன். அவர்கள் போய்விட்டுத் திரும்பி வரும்போது நேரம் ஒதுக்கி உட்கார்ந்து கேட்கிறேன். அனுபவம் கற்றுத்தரும் என்பது உண்மை. ஆனால் என் அனுபவம் எனக்குக் கற்றுத்தந்தது பாதிதான். இன்னொரு பாதி, அதே வழியில் போய் வந்த மற்றவர்களிடம் இருக்கிறது. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள இந்த வயதில் எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.